நிலமும் கோடும்: லாட்டின் சித்திரக்கதைகளைத் தோட்டப்புறத்திலிருந்து வாசித்தல்

லாட் என்ற பெயரில் வரையும் முகமது நோர் காலிட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஓரிடத்தில் போய் நின்றுவிடுகிறது: பல இன மக்களையும் புண்படுத்தாமல் சிரிக்க வைத்தவர் என்பது அது. பாராட்டில் உண்மை உண்டு. ஆயினும் அவருடைய முதன்மையான இரு நூல்களான ‘கம்போங் பாய்’ (1979), ‘டவுன் பாய்’ (1981) ஆகியவற்றின் உள்ளீட்டை அது தொடுவதில்லை. குறிப்பாக முதல் நூலின் அடியில் ஓடுவது நிலவுரிமை பற்றிய கவலை என்பதே இக்கட்டுரையின் வாதம். மலேசியாவின் பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்து வெளியேறிய தமிழரின் இடத்தில் நின்று படிக்கும்போது அந்தக் கவலை துலக்கமாகிறது.

லாட் 1951-இல் பேராக்கின் கோப்பேங்கை அடுத்த கோத்தா பாருவில், ஒரு கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) பிறந்தவர். பின்னர் ஈப்போவுக்கு வந்து ஆண்டர்சன் பள்ளியில் படித்தார். பதின்மூன்று வயதில், 1964-இல், பினாங்குப் பதிப்பகம் ஒன்று அவருடைய ‘தீகா செகாவான்’ சித்திரக்கதையை வெளியிட்டது. 1968-இல் ‘பெரித்தா மிங்கு’ இதழில் தொடங்கிய ‘கெலுவார்கா சி மாமாட்’ 26 ஆண்டுகள் வெளிவந்தது. பள்ளி முடித்துக் கோலாலம்பூர் போனவர் நாடியது ஓவியர் வேலை. கிடைத்ததோ ‘பெரித்தா ஹரியான்’ நாளிதழில் குற்றச் செய்தி நிருபர் வேலை. அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் இந்த ஆண்டுகளை ஒரு தடங்கலாகக் கருதிக் கடந்துபோகின்றன. எனக்கு அவை அடித்தளமாகவே தெரிகின்றன. யார், எங்கே, கையில் என்ன, பக்கத்தில் யார் என்று குறித்துக்கொள்ளும் நிருபரின் பழக்கம் அவர் வரைந்த ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்கிறது. 1974-இல் ‘ஏசியா மேகசின்’ இதழில் வந்த ‘பெர்சுனாட்’, மலாய்ச் சிறுவரின் விருத்தசேதனச் சடங்கைப் பற்றியது. சடங்கின் படிகள் அதில் செய்தியறிக்கையின் ஒழுங்கோடு அமைந்திருக்கின்றன. அதே ஆண்டு ‘நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ அவரைக் கேலிச்சித்திரக்காரராக ஏற்றது. மறு ஆண்டு இலண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியில் குறுகிய காலம் பயின்றார்.

‘கம்போங் பாய்’ இளமை நினைவின் இனிமைக்காகப் போற்றப்படும் நூல். அதன் பிற்பகுதியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஈயம் அரித்துத் திரிந்து படிப்பில் பின்தங்கிய மகன் மாட்டைத் தந்தை தங்கள் ரப்பர் நிலத்துக்கு அழைத்துப்போகிறார். நன்றாகப் படித்தால் இது உனக்கு என்கிறார். பிறகு ஈயச் சுரங்க நிறுவனம் நிலத்தை அளக்க வருகிறது. நல்ல விலை கிடைத்தால் ஈப்போவில் வீடு வாங்கலாம் என்று கம்பமே கணக்குப் போடுகிறது. அந்தச் சூழலில்தான் மாட் படிப்புக்காக ஈப்போ புறப்படுகிறான், திரும்பி வரும்போது கம்பம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற ஆசையோடு. கதையின் துயரம் இந்தக் குடும்பத்திடம் விற்க நிலம் இருக்கிறது என்பதிலிருந்தே பிறக்கிறது. இழப்பு நேர்ந்தால் அது விலையோடு வரும். இசைவு கேட்டுக்கொண்டு வரும்.

‘கம்போங் பாய்’ வருவதற்கு ஓராண்டு முன்பு, 1978-இல், அமெரிக்கச் சித்திரக்கதையாளர் வில் ஐஸ்னர் ‘எ காண்ட்ராக்ட் வித் காட்’ நூலை வெளியிட்டார். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் புலம்பெயர்ந்தோர் நெருக்கியடித்து வாழும் வாடகைக் குடியிருப்பு அதன் களம். மகளை இழந்து கடவுளோடு கணக்கை முறித்துக்கொள்ளும் ஹெர்ஷ், பிறகு அதே கட்டடத்தின் உரிமையாளராகிறான். உலகின் இரு கோடிகளில் ஏறத்தாழ ஒரே வேளையில் சித்திரக்கதை தன்வரலாற்றின் பக்கம் திரும்பியது. இருவருமே மனிதர் காலூன்றும் இடம் யாருடையது என்ற கேள்வியை உள்ளே வைத்தார்கள். ஐஸ்னரின் கட்டங்களில் சுவர்கள் மனிதரை நெருக்குகின்றன. லாட்டின் பக்கங்களில் வீடு, ஆறு, மரங்கள் என்று வெளி விரிகிறது. இந்த வேறுபாட்டைக் கலைஞரின் மனப்பாங்கில் மட்டும் தேடுவது போதாது. வாடகைக்காரருக்கும் நிலக்காரருக்கும் உலகம் ஒரே அளவில் தெரிவதில்லை.

இனித் தோட்டப்புறத்துக்கு வருவோம். மாட் கம்பத்தில் வளர்ந்த அதே காலத்தையொட்டித் தோட்டத் துண்டாடல் தொடங்கிவிட்டது. வெள்ளைக்கார நிறுவனங்கள் விற்ற தோட்டங்கள் கூறுபோடப்பட, தொழிலாளர்கள் வேலையையும் லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் இருந்த வீட்டையும் ஒருசேர இழந்தார்கள். வேலை போனால் வீடும் போகும் என்பதே லயத்தின் சட்டம். பேராக் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு சேர்த்தது இதைத் தடுக்கத்தான். மாட்டின் தந்தை மகனுக்குப் பால்மரங்களைக் காட்டினார். சங்கத்தில் சேர்ந்த தோட்டத்துத் தந்தை காட்டக்கூடியது ஒரு பங்குச் சீட்டு. இரண்டும் பிள்ளையின் நாளையை எண்ணிச் செய்தவை. இரண்டுக்கும் இடையிலான தொலைவு மலேசியத் தமிழர் வரலாற்றின் பெரும்பகுதி.

‘டவுன் பாய்’ வந்த 1981-இலேயே கே. எஸ். மணியத்தின் ‘தி ரிட்டர்ன்’ நாவலும் வந்தது. கெடா பீடோங்கில் பிறந்த மணியம் அதில் காட்டும் தந்தை, தனக்கு உரிமையற்ற நிலத்தைத் திருத்தி, வீடெழுப்பி, வெளியேற மறுத்து, அந்த வீட்டோடு எரிந்துபோகிறார். இரு நூல்களும் ஆங்கிலக் கல்வியால் மேலேறிய சிறுவரைப் பற்றியவை. இரண்டிலும் தந்தையும் நிலமும் உண்டு. ஒன்றில் நிலம் பேரம் பேசப்படுகிறது, மற்றதில் மனிதரை விழுங்குகிறது. இவ்விரண்டையும் ஒரே வகுப்பில் சேர்த்துப் பாடம் வைக்கும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் வேரூன்ற வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

லாட் தோட்டத்தின் உள்வாழ்வை இந்த இரு நூல்களின் மையத்தில் வைக்கவில்லை என்று குறை கூறலாம். அந்தக் குறை நியாயமற்றது. அவர் தன் கண் பட்ட இடத்திலிருந்து வரைந்தார். அவரது நேர்மையே அதுதான். ‘டவுன் பாய்’ நூலில் சீன நண்பன் ஃபிராங்கியின் வீட்டுக் காப்பிக்கடைக்கு மேலே இரு பையன்களும் ராக் இசைக்கு ஆடுகிறார்கள். அந்தப் பக்கங்கள் நம்மை ஒப்ப வைப்பதற்குக் காரணம், நல்லிணக்கம் பற்றிய போதனை எதுவும் அங்கே இல்லை என்பதே. மாடிப்படியும் இசைத்தட்டும் உண்டு.

தோட்டச் சிறுவனின் கதையை வரைய முனைபவர் லாட்டிடம் கற்க வேண்டியது நிருபரின் பார்வையை. பக்க அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் பொருந்தாது. லாட்டின் கதை வீட்டில் பிறந்து, வீட்டைச் சுற்றி விரிகிறது. தோட்டத்தில் விடியுமுன் தாய் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போவாள். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வரிசையாக வாழும். மேட்டில் துரை பங்களா நிற்கும். அங்கே வீடு ஒரு குடும்பத்துக்கு உரியதாக இருந்ததே இல்லை. ஆகவே பக்கத்தின் நடுவில் வீட்டுக்குப் பதிலாகத் தொழிலாளர்கள் வேலைக்குமுன் கூடும் பெரட்டுக்களம் வந்தாக வேண்டும், ‘நான்’ என்று சொல்லும் குரலுக்குப் பதிலாக ஒரு லயமே பேசியாக வேண்டும்.