கோஷியின் எப்சிலான் லாஸ்பேட்டைக்கு வந்த வழி: புதுச்சேரியில் மெய்ப் பகுப்பாய்வுக் கல்வி

மெய்ப் பகுப்பாய்வு என்பது மெய்யெண்களையும், அவற்றால் அமைந்த தொடர்முறைகள், தொடர்கள், சார்புகள் ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு, எல்லை, தொடர்ச்சி, வகையீடு, தொகையீடு என்னும் கருத்துகளை வரையறையிலிருந்து தொடங்கி நிறுவலோடு ஆராயும் கணிதப் பிரிவாகும். பள்ளியில் நுண்கணிதத்தை விதிகளாகக் கற்று, கணக்குப் போட்டு விடை காணப் பழகிய மாணவர், அவ்விதிகள் ஏன் செல்லும், எங்கே செல்லா என்று கேட்கும் பாடத்தை முதன்முதலாக எதிர்கொள்வது இங்கேதான். புதுச்சேரி நகரின் லாஸ்பேட்டையில், 1961இல் தொடங்கப்பட்ட தாகூர் கலைக் கல்லூரியும், 1989இல் தொடங்கப்பட்ட காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு நிலையமும் அமைந்திருப்பதால், இளநிலையிலும் முதுநிலையிலும் கணிதம் பயில வருவோருக்கு அப்பகுதி நெடுங்காலமாக அறிமுகமானது. இப்பாடத்தின் இன்றைய வடிவத்துக்கு வழிவகுத்த நூல் பாரீசில் வெளிவந்தது; புதுச்சேரியோ 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். ஆகவே பாரீசிலிருந்து நேரே கப்பலேறி இப்பாடம் இங்கு வந்திறங்கியிருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அது கேம்பிரிட்ஜையும் சென்னையையும் சுற்றிக்கொண்டு, ஒன்றரை நூற்றாண்டுக்கு அருகில் காலம் எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

அகஸ்டின் லூயி கோஷி பாரீசின் எக்கோல் பாலிடெக்னிக்கில் தாம் நடத்திய பாடங்களை ஒட்டி 1821இல் 'கூர் தனலிஸ்' என்னும் நூலை வெளியிட்டார். ஒரு தொடர் குவிகிறது என்றால், அதாவது அதன் உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகும்போது கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எண்ணை வேண்டிய அளவுக்கு நெருங்குகிறது என்றால், அதை முதலில் நிறுவிய பிறகே அந்தத் தொடரைப் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாட்டை அந்நூல் வலியுறுத்தியது. 1823இல் வந்த அவருடைய அடுத்த பாடச் சுருக்கத்தில் எப்சிலான், டெல்டா என்ற கிரேக்க எழுத்துகள் இன்றைய மாணவர் அறிந்த பொருளிலேயே (சார்பின் மதிப்பில் ஏற்கும் பிழை எப்சிலான், அதற்குள் நிற்க மாறியில் அனுமதிக்கும் விலகல் டெல்டா) ஒரு நிறுவலில் இடம்பெறுகின்றன. எப்சிலான் என்பது பிழையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்திலிருந்து வந்திருக்கலாம் என்று கணித வரலாற்றாசிரியர் ஜூடித் கிராபினர் கருதுகிறார். 18ஆம் நூற்றாண்டில் தோராயக் கணக்கீடுகளில் பிழை எவ்வளவுக்கு மிகாது என்று மதிப்பிட உருவான உத்திகளையே கோஷி நிறுவலின் அடித்தளமாக மாற்றினார் என்பது அவருடைய வாதம். பிழையை அளப்பது ஒரு தொழில்நுட்பமாக இருந்த நிலை மாறி, பிழையை வேண்டிய அளவுக்குக் குறைக்க முடியும் என்பதே எல்லையின் வரையறையாக ஆயிற்று.

அதே ஆண்டுகளில் புதுச்சேரியில் பிழையோடு நடந்த வேறொரு கணக்கீட்டுக்குச் சான்று உண்டு. சென்னை வானாய்வகத்தில் சில ஆண்டுகள் பொறுப்பு வகித்த ஜான் வாரன், பின்னர் புதுச்சேரியில் வாழ்ந்து 1830இல் அங்கேயே இறந்தார். 1825இல் வெளியான அவருடைய 'கால சங்கலித' என்னும் நூலில், புதுச்சேரியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளை மட்டும் கொண்டு, சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டிய முறை விரிவாக எழுதப்பட்டுள்ளது. வாரன் அவர் பெயரைச் 'சாமி நாடென் சசியா' என்று படிக்கும்படி எழுதியிருக்கிறார். எந்தத் தமிழ்ப் பெயர் இப்படிச் சிதைந்ததோ என்று வாசகர்தாம் ஊகிக்க வேண்டும். 1825 மே 31ஆம் நாள் இரவு நிகழ்ந்த கிரகணத்துக்கு அவர் சோழிகளால் கண்ட விடையில், தொடக்கத்தில் ஏறக்குறைய 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்ததாக, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இம்முறையை மறு ஆய்வு செய்த வானியல் வரலாற்றாசிரியர் ஆட்டோ நோய்கபவர் குறிப்பிடுகிறார். பாபிலோனியரின் கணிப்பு முறையோடு உறவுடைய ஒரு மரபு தென்னிந்தியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்ததைக் கண்டு அவர் வியந்தார். வாரனுக்கு அந்த வியப்பு குறைவு: அக்கணிதர் கோட்பாடு எதுவும் அறியாதவர், நல்ல நினைவாற்றல் உடையவர், அவ்வளவே என்று அவர் எழுதினார்.

வாரனின் அந்த மதிப்பீட்டில் ஓரளவு இரக்கமின்மை இருந்தாலும், ஆய்வுக்கு உதவும் ஒரு வேறுபாட்டை அது தொட்டுவிடுகிறது. சோழிக் கணிதரின் விடையில் எவ்வளவு பிழை என்பதைக் கிரகணம் நிகழ்ந்த பிறகே அறிய முடியும். கோஷியின் முறையில் பிழைக்கு வரம்பு முன்கூட்டியே கட்டப்படுகிறது. எனினும் இந்த வேறுபாட்டை ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்டதாக ஆக்கிவிடுவது தவறாகும். கேரளத்தில் மாதவர் வழிவந்தோர் முடிவிலாத் தொடரை இடையில் நிறுத்தும்போது எஞ்சும் பிழையைச் சரிசெய்யத் திருத்த உறுப்பு ஒன்றை 16ஆம் நூற்றாண்டுக்கு முன்பே வகுத்திருந்தனர். ஜியேஷ்டதேவரின் 'யுக்திபாஷா' அதற்கான காரண விளக்கங்களையும் மலையாளத்தில் தருகிறது. அம்மரபைப் பற்றி 1940களிலிருந்து எழுதிவந்தவர்களுள் முன்னணியில் இருந்த சி. டி. ராஜகோபால், சென்னையில் பகுப்பாய்வையே தொழிலாகக் கொண்ட பேராசிரியர் என்பது தற்செயலானதன்று. தொடர் குவியுமா என்று கேட்டுப் பழகிய கண்ணுக்கே திருத்த உறுப்பின் அருமை புலப்படும்.

புதுச்சேரியின் பிரெஞ்சு நிருவாகம் 1838இல் சட்டப் பள்ளியைத் தொடங்கியது. பின்னர் மருத்துவப் பள்ளியும் வந்தது. வழக்கறிஞரும் மருத்துவ உதவியாளரும் குடியேற்ற ஆட்சிக்கு வேண்டியிருந்தனர். கோஷியின் பாடத்தைக் கற்பிக்கக்கூடிய கணித உயர்கல்வித் துறை எதையும் அவ்வாட்சி இங்கு வளர்க்கவில்லை. பாக்கலோரேயா என்னும் பிரெஞ்சுப் பள்ளியிறுதித் தேர்வு வரை படித்தவர் மேலே கணிதம் கற்க விரும்பினால் பாரீசுக்குப் போகவேண்டும், இல்லையேல் எல்லை தாண்டிச் சென்னைக்குப் போகவேண்டும்.

சென்னையிலும் இப்பாடம் நேரடியாக வேரூன்றிவிடவில்லை. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் ஆங்கிலேயத் தேர்வு முறையைப் பின்பற்றியது. அங்கே கணிதம் என்றால் கடினமான கணக்குகளை விரைவாகத் தீர்க்கும் திறமை என்ற எண்ணமே நிலவியது. கேம்பிரிட்ஜின் நிலையும் வெகுவாக வேறுபடவில்லை. அங்கே மாணவராக இருந்த ஜி. எச். ஹார்டி, கமீல் ஜோர்தான் பிரெஞ்சில் எழுதிய பகுப்பாய்வு நூலைப் படித்த பிறகே கணிதம் உண்மையில் என்னவென்று தமக்குப் புரிந்ததாகப் பின்னாளில் எழுதினார். 1908இல் அவர் வெளியிட்ட தூய கணிதப் பாடநூல், ஆங்கிலம் படித்த மாணவர்களுக்கு எல்லை, குவிதல் ஆகியவற்றை ஒழுங்காக அறிமுகப்படுத்திய நூலாக உலகெங்கும் பரவியது. பாரீசின் கண்டிப்பு ஆங்கில உடை அணிந்து சென்னைக்கு வந்தது இந்த வழியேதான். அதற்கு ஓராண்டு முன், 1907இல், வி. இராமசாமி ஐயர் 'அனலிட்டிக் கிளப்' என்ற பெயரில் தொடங்கிய சிறு குழுவே பின்னர் இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்தது. புத்தகங்களையும் இதழ்களையும் கூட்டாக வாங்கி அஞ்சலில் சுற்றுக்கு விடுவது அதன் தொடக்கப் பணிகளுள் ஒன்று. புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள திருக்கோவிலூரில் அவர் டெபுடி கலெக்டராக இருந்தபோதுதான் 1910இல் இராமானுசன் நோட்டுப் புத்தகத்தோடு அவரைத் தேடிச் சென்றார். இராமானுசனின் கதை பலரும் அறிந்தது. பாடத்திட்டத்தின் வரலாற்றில் அவரைவிடப் பெரிய மாற்றத்தை உண்டாக்கியவர் கே. ஆனந்தராவ் என்பதை மட்டும் இங்கே சொல்லவேண்டும்.

ஆனந்தராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்று, 1919இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். டி. விஜயராகவன், எஸ். எஸ். பிள்ளை, வி. கணபதி ஐயர், சி. டி. ராஜகோபால், கே. சந்திரசேகரன், எஸ். மீனாட்சிசுந்தரம் என அவரிடம் கற்றவர்களின் வரிசையைப் பார்த்தால் ஒரு வகுப்பறை என்ன செய்யமுடியும் என்பது தெரியும். இவர்களுள் பிள்ளை 1929 முதல் 1941 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். கணபதி ஐயரும் அங்கேயே பணியாற்றினார். இவ்வாறு புதுச்சேரிக்குத் தெற்கே சில மணி நேரப் பயணத்தில், பிரிட்டிஷ் இந்தியாவில், பகுப்பாய்வு உயிர்ப்போடு கற்பிக்கப்பட்டது. எல்லைக்கு இப்பாலோ, ஜோர்தானின் மொழியை அறிந்தவர்கள் இருந்தும் ஜோர்தானின் கணிதம் இல்லை.

பிரெஞ்சுக் கணிதம் இடைத்தரகர் இன்றித் தமிழ் மாணவரை அடைந்த ஒரே பெருவழி சார்லஸ் ரசீன் என்ற இயேசு சபைத் துறவியாவார். பாரீசில் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்து 1934இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1937இல் திருச்சி தூய வளனார் கல்லூரிக்கும், 1939இல் சென்னை லயோலா கல்லூரிக்கும் வந்தார். பாடத்திட்டத்தைத் தாண்டி, அன்று பிரான்சில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த புதிய கணிதத்தைப் படிக்க அவர் மாணவர்களைத் தூண்டினார், எம். எஸ். நரசிம்மன், சி. எஸ். சேஷாத்ரி, இராகவன் நரசிம்மன் ஆகியோர் அவ்வழி வந்தவர்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியைவிட்டு, ஆங்கிலேயர் ஆண்ட சென்னையில் தமிழ் மாணவர் பிரெஞ்சுக் கணித ஆசிரியரைக் கண்டது வரலாற்றின் குறும்பே.

1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி மாறி, 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. இடையில், தாகூர் பிறந்த நூற்றாண்டான 1961இல், லாஸ்பேட்டைக் கல்லூரி தொடங்கிச் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அந்த இணைப்போடு சென்னையின் பாடத்திட்டமும் சேர்ந்தே வந்தது. எஸ். நாராயணனும் டி. கே. மாணிக்கவாசகம் பிள்ளையும் எழுதிய கால்குலஸ் நூல்களில் கணக்குப் போட்டுப் பழகிய தலைமுறைக்கு அடுத்து, ரிச்சர்டு கோல்டுபர்க் 1964இல் எழுதிய மெய்ப் பகுப்பாய்வு நூலும், 1953இல் முதற்பதிப்புக் கண்ட வால்டர் ரூடினின் நூலும் தமிழ்நாட்டு, புதுச்சேரி வகுப்பறைகளில் இடம்பிடித்தன. 1985இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அமைந்ததும் கல்லூரிகளின் இணைப்பு மாறியது. பாடத்தின் சட்டகம் பெரிதும் மாறவில்லை.

இந்நூல்களை முதன்முறை படிப்போர் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றே. பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணைத் தன்னாலேயே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டு போனால் அடுக்குகள் பூச்சியத்தை நெருங்கும். அவை 0.01க்குக் கீழே இறங்க வேண்டுமெனில், 0.5க்கு 7ஆம் அடுக்கே போதும், 0.9க்கு 44ஆம் அடுக்கு வேண்டும், 0.99க்கு 459, 0.999க்கு 4603. ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் அடுக்கு கிடைக்கிறது, ஆனால் எல்லா எண்களுக்கும் பொதுவான அடுக்கு கிடைப்பதில்லை. முன்னது புள்ளிவாரிக் குவிதல், பின்னது கிடைத்தால் சீரான குவிதல். இந்த வேறுபாட்டைக் காணாமல்தான் கோஷியே 1821இல், தொடர்ச்சியுள்ள சார்புகளின் தொடர் குவிந்தால் அதன் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியுள்ளது என்று எழுதினார். 1826இல் நீல்ஸ் ஆபெல் அதற்கு விதிவிலக்கு உண்டு என்று சுட்டினார். மேதை இடறிய படியில் இரண்டாமாண்டு மாணவர் இடறுவதில் வெட்கம் ஏதுமில்லை.

இதே வேறுபாடு சார்பின் தொடர்ச்சியிலும் எழுகிறது; அங்கே தமிழ் தரும் உதவி போதிய அளவு கவனிக்கப்படவில்லை. ஆங்கில நூல்களில் "எல்லாப் புள்ளிகளுக்கும்" என்ற சொற்றொடர் பலவேளை வாக்கியத்தின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்வதால், டெல்டா எதைச் சார்ந்தது என்பது மங்கிவிடுகிறது. தமிழிலோ, "எந்த எப்சிலானைக் கொடுத்தாலும், எந்தப் புள்ளியை எடுத்தாலும், அவற்றுக்கேற்ற ஒரு டெல்டா உண்டு" என்பது சாதாரணத் தொடர்ச்சி. "எந்த எப்சிலானைக் கொடுத்தாலும் ஒரு டெல்டா உண்டு, அது எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்தும்" என்பது சீரான தொடர்ச்சி. 'உண்டு' என்ற சொல்லுக்கு முன்னே வந்தவற்றையெல்லாம் டெல்டா சார்ந்திருக்கலாம், பின்னே வருவதைச் சார்ந்திருக்க முடியாது என்பதை வாக்கியத்தின் வரிசையே காட்டிவிடுகிறது. 1960களிலும் 70களிலும் தமிழில் கல்லூரிப் பாடநூல்கள் வெளியிடப்பட்டபோது கலைச்சொற்களுக்குக் கிடைத்த கவனம் இத்தகைய வாக்கிய அமைப்புக்கும் கிடைத்திருந்தால் அந்நூல்கள் இன்னும் நன்றாக ஓடியிருக்கும்.

காஞ்சி மாமுனிவர் நிலையத்தில் கணிதத் துறையும் பிரெஞ்சுத் துறையும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. கோஷியின் 1821 நூலுக்கு முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு 2009இல்தான் வெளிவந்தது. பிரெஞ்சும் கணிதமும் தமிழும் ஒருசேரக் கிடைக்கும் ஊர்கள் உலகில் மிகச் சில. அந்நூலின் குவிதல் பற்றிய இயலையேனும் மூலத்திலிருந்து தமிழாக்கும் பணியை லாஸ்பேட்டையின் இவ்விரு துறைகளும் சேர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.