பிளவுதடு, பிளவு அண்ணம்: பாரம்பரிய ஆராய்ச்சி

கரு முகவடிவம் பெறுங்காலத்து, இருபுறத்தினின்றும் வளர்ந்துவரும் திசுமுகைகள் ஒன்றையொன்று தழுவி இணையாது போவதால், மேலுதட்டிலோ வாயின் கூரையாகிய அண்ணத்திலோ இரண்டிலுமோ எஞ்சிவிடும் பிறவிப் பிளவு. ஏறத்தாழ 700 பிறப்புக்கு ஒன்று என்பது பொதுக் கணக்கு. இவ்விகிதம் இனத்துக்கு இனம் வேறுபடும்.

இப்பிளவு, கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்ததன் விளைவென்று தமிழகத்திலும், முயலைக் கண்டு திடுக்கிட்டதன் விளைவென்று ஐரோப்பாவிலும் பழி தாயின்மீதே சுமத்தப்பட்டது. குடும்பவழித் தொடர்பைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிற்சில குறிப்புகளே உள்ளன.

இப்பாரம்பரிய ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமிட்டவர் டென்மார்க்கு தேசத்து அறுவை வைத்தியர் ஃபோக்-ஆண்டர்சன். அந்நாட்டுப் பிளவு நோயாளிகளுள் பெரும்பாலோர் கோபன்ஹேகனில் ஓரிடத்திலேயே சிகிச்சை பெற்றுவந்தமையால், 703 பேரின் வமிசவழியை அவர் துருவி ஆராய்ந்து, தாய்நாடு ஜெர்மானியர் வசமிருந்த 1942ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டார். பிளவுதடுள்ளோரின் உடன்பிறந்தாரிடம் பிளவுதடு மிகுதியாகக் காணப்பட, தனி அண்ணப் பிளவு அங்ஙனம் மிகாமையையும், தனி அண்ணப் பிளவுள்ளோரின் குடும்பங்களில் இதற்கு மறுதலையான நிலையையும் கண்டு, இவ்விரண்டும் வெவ்வேறு பாரம்பரியத்தின என்று அவர் நிலைநாட்டினார். முன்னது ஆண்மக்களிடமும் பின்னது பெண்மக்களிடமும் மிகுதி. எனினும், அவை ஜீன்வழி இறங்கும் முறைபற்றி அவர் கூறிய விளக்கத்தைப் பின்னோர் முற்றும் ஏற்றிலர்.

1951இல் கனடாவில் ஃபிரேசர் குழுவினர் சினைச் சுண்டெலிகளுக்குக் கார்ட்டிசோன் செலுத்தியபோது, ஓரினத்தில் குட்டிகள் அனைத்தும் பிளவண்ணத்தோடு பிறக்க, வேறோரினத்தில் சிறுபகுதியே அவ்வாறு பிறந்தன. பல ஜீன்களும் சூழ்நிலையும் கூடி ஒரு வரம்பைக் கடந்தால்தான் பிளவு தோன்றும் என்னும் கொள்கைக்கு இது துணையாயிற்று. ஒருகரு இரட்டையருள் ஒருவருக்குப் பிளவிருந்தால் மற்றவருக்கும் இருப்பது ஏறக்குறைய பாதியளவே என்பதும், பாரம்பரியம் மட்டுமே காரணமன்று என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

பல ஜீன்கள் கூடி வரம்பைக் கடக்கும் இக்கொள்கைக்கு விலக்காக ஒரே ஜீனால் வருவது, 1954இல் வான் டெர் வூட் அம்மையார் விவரித்த குடும்பநோய்: கீழுதட்டில் நடுக்கோட்டின் இருமருங்கும் கடுகளவான இரு குழிகள். இக்குழிகளை மட்டுமே உடைய பெற்றோருக்குப் பிளவுள்ள குழந்தை பிறப்பதுண்டு. இதற்குரிய ஐஆர்எஃப்6 என்னும் ஜீன் 2002இல் அகப்பட்டது, நோயுற்ற ஒருவரையும் நோயற்ற அவருடைய ஒருகரு இரட்டையரையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான்.

பொதுவான பிளவோடு தொடர்புடையனவாக 2009 முதல் எட்டாம் குரோமோசோம் முதலிய வேறு இடங்களும் சுட்டப்பட்டுள்ளன.

வேறு குறையேதுமின்றிப் பிளவுதட்டோடு ஒரு குழந்தை பிறந்த குடும்பத்தில், அடுத்த குழந்தைக்கும் அது நேரக்கூடிய வாய்ப்பு, பெற்றோர் பிளவற்றவராயின், நூற்றுக்கு 3 முதல் 5 வரை.