இருநூற்று நாற்பது மணி நேரம்

என்னிடம் ஒரு என்.எஸ்.எஸ். சான்றிதழ் இருக்கு. தொண்ணூறுகளில் பி.இ. படிக்கும்போது வாங்கினது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்தேன் என்று அதில் போட்டிருக்கு. உண்மையைச் சொன்னால் அதில் பாதி நேரம்கூட உழைத்திருக்க மாட்டேன். மீதியைப் பதிவேட்டில் நாங்களே எழுதி நிரப்பினோம், கேட்பார் யாரும் இல்லை.

இதை இப்போது கிளறக் காரணம் என் அண்ணன் மகள். ராஜபாளையத்தில் கல்லூரியில் படிக்கிறாள். பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஏழு நாள் முகாம். கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலம் வெட்டுகிற போட்டோ அனுப்பிவிட்டு, "சித்தப்பா, நாங்க வர்றதுக்கு முன்னாடி இதையெல்லாம் யார் செஞ்சாங்க?" என்று கேட்டாள். ஒரு வரிக் கேள்விதான். பதில் தேடப்போய் 1858 வரைக்கும் போய்விட்டேன்.

முன்னாடி செய்தது ஊர்க்காரர்கள். குடிமராமத்து என்று பெயர். வரத்துக்காலைச் சுத்தம் செய்வது, கரையில் சின்ன ஓட்டைகளை அடைப்பது, மடையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் தண்ணீர் பாய்கிறவர்களின் வேலை. கம்பெனி ஆட்சியில் அந்த வழக்கம் தளர்ந்தது. வரியை வாங்கிக்கொண்ட சர்க்காரே கண்மாயையும் பார்க்கட்டும் என்று ஊர் நினைத்தால் அதில் தப்பு சொல்ல முடியாது. 1858-ல் சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். கண்மாய் உடைகிற நிலை வந்தால் ஊர்த் தலைவர் ஆட்களைக் கூப்பிடலாம், வராவிட்டால் அபராதம். குடிமராமத்துக்கு வராதவரிடம் அந்த உழைப்பின் மதிப்பில் இரண்டு மடங்கு வசூலிக்கலாம். உடைப்பு அடைக்கக் கூப்பிடப்படுகிறவர்கள் யார் என்றால், உழைக்கும் வர்க்கத்தைச் சேர்ந்த உடல் திடமுள்ள ஆண்கள். நிலம் நிறைய வைத்திருப்பவர் மண் சுமக்க வேண்டியதில்லை. சேவையைக் கட்டாயமாக்கினால் பாரம் யார் தலையில் இறங்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

சரியாக நூறு வருஷம் கழித்து அதே பேச்சு டெல்லியில் திரும்ப வருகிறது. இந்தத் தடவை மண் சுமக்க வேண்டியவர்கள் படித்தவர்கள். 1959-ல் சி.டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை கட்டாயமாக தேச சேவை செய்ய வேண்டும் என்பது அதன் யோசனை. செலவு தாங்காது, நடத்துவதும் கஷ்டம் என்று அது அப்படியே நின்றுபோனது. 1960-ல் கே.ஜி. சையிதைன் பல நாடுகளின் அனுபவத்தைப் பார்த்துவிட்டு, விருப்பத்தின் பேரில் இருக்கட்டும் என்று சொன்னார்.

இதற்கு நடுவில் 1962-ல் சீனப் போர். அடுத்த வருஷமே கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயம். நம்ம ஊரில் அது வேறு ரூபம் எடுத்தது. அணிவகுப்பு ஆணைகள் இந்தியில். 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தெருவுக்கு வந்தவர்களும் இதே கல்லூரி மாணவர்கள்தான். 1967-ல் அண்ணா ஆட்சிக்கு வருகிறார். 1968 ஜனவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில், என்.சி.சி.யில் இந்தி ஆணைச் சொற்கள் கூடாது என்பதும் ஒரு அம்சம். அந்த வருஷமே நாடு முழுக்க என்.சி.சி. கட்டாயம் போய்விட்டது. தமிழ்நாடு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம்ம பசங்களுக்குச் சேவை என்ற சொல் 'சாவ்தான்' என்ற அதட்டலோடு சேர்ந்து வந்திருந்தால் அது எவ்வளவு தூரம் உள்ளே இறங்கியிருக்கும்?

1967-ல் கூடிய கல்வி அமைச்சர்கள் மாநாடு, என்.சி.சி. வேண்டாம் என்பவர்களுக்கு மாற்றாக ஒன்று வேண்டும் என்றது. அப்படித்தான் நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. காந்தி நூற்றாண்டை ஒட்டி, 1969 செப்டம்பர் 24 அன்று கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் தொடங்கி வைத்தார். முதலில் 37 பல்கலைக்கழகங்கள், சுமார் 40,000 மாணவர்கள். சின்னம், ஒடிசாவின் கோனார்க் கோயில் தேர்ச்சக்கரம். (ராஜபாளையத்துக்காரனாக ஒரு சின்ன இடைச்செருகல்: ஒடிசாவுக்கு 1954 முதல் 1956 வரை ஆளுநராக இருந்தவர் எங்கள் ஊர் பி.எஸ். குமாரசாமி ராஜா. சென்னை மாகாண முதலமைச்சராகவும் இருந்தவர். தன் சொந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். அவர் எந்தப் பதிவேட்டிலும் மணிக்கணக்கு எழுதவில்லை.)

ராஜபாளையத்தில் ஏ.கே.டி. தர்மராஜா பெண்கள் கல்லூரி வந்தது 1970-ல், ராஜூக்கள் கல்லூரி 1973-ல். கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி 1984-ல். மூன்றுமே என்.எஸ்.எஸ்.க்குப் பிறகு பிறந்தவை. அதனால் இந்தப் பக்கத்தில் அந்தத் திட்டம் கல்லூரியோடு கூடவே வந்த ஒன்று. நூலகம், ஆய்வகம் மாதிரி அதுவும் கட்டடத்தில் ஒரு அறை.

அறை இருந்தால் ரிஜிஸ்டரும் இருக்கும். வருஷத்துக்கு 120 மணி, இரண்டு வருஷத்துக்கு 240, ஒரு சிறப்பு முகாம். பிறகு கலை, அறிவியல் கல்லூரிகளில் 'பகுதி ஐந்து' என்று விரிவாக்கப் பணிக்கு கிரெடிட் வந்தது. விருப்பம் என்று ஆரம்பித்தது, மதிப்பெண் பட்டியலில் போய் உட்கார்ந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எதை அளக்கிறார்களோ அதைத்தான் ஆட்கள் செய்து காட்டுவார்கள். நான் நிரப்பின பதிவேடும் அந்த வகைதான்.

ஆனால் மணிக்கணக்கை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. எனக்குப் படுகிற பெரிய கோளாறு காலண்டர். அந்தக் கட்டாய உழைப்புச் சட்டம் எவ்வளவு மோசமானதாக இருந்தாலும், கண்மாய் கேட்டபோது ஆளைக் கூப்பிட்டது. முகாம், தேர்வுக்கும் விடுமுறைக்கும் நடுவில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே விழுகிறது. இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில். வரத்துக்கால் தூர் எடுப்பதெல்லாம் அதற்கு முன்னால், கண்மாய் காய்ந்து கிடக்கும்போது நடக்க வேண்டியது. பிப்ரவரியில் போனால் உள்ளே தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் கரைமேல் நின்று கருவேலத்தை மட்டும் வெட்டிவிட்டு வர வேண்டியதுதான். வேரைத் தோண்டாத கருவேலம் மறுபடி தழைத்துவிடும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

இதை அவளிடம் போனில் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. முகாமில் சாப்பாடு போட்ட பாட்டி கடைசி நாளில் கேட்டாராம், "இவ்வளவு பேரு வந்தீகளே, ஆவணியில வந்திருக்கக் கூடாதா தாயி?"

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று அவளும் ஐந்து தோழிகளும் பேசி வைத்திருக்கிறார்கள். பாட்டி காட்டுகிற வரத்துக்காலில் கொஞ்ச தூரம், அவ்வளவுதான். பஸ் இல்லாத ஊர். வேன் வாடகை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், மண்வெட்டி பிடிக்கவும் வருவதாக.

"அந்த நாளுக்கு ஹவர்ஸ் போடுவாங்களா?" என்று கேட்டேன்.

"தெரியல சித்தப்பா. கேக்கல."