காவடிச் சிந்து: முருக பக்தியும் கரிசல் நாட்டுப்புறப் பாடலும்

காவடிச் சிந்து என்பது முருகனுக்குக் காவடி எடுத்துச் செல்வோர் வழிநடையில் பாடும் இசைப்பாடல் வகையாகும். சங்கரன்கோவில், குருவிகுளம், கழுகுமலை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் வட்டாரத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது ஏட்டிலக்கியமாக உருப்பெற்றது.

பாடல் வடிவம் அதற்கு முன்பே மக்களிடம் இருந்தது. தோளில் பாரம், காலில் செருப்பில்லை, பல கல் தொலைவு நடக்க வேண்டும். அந்த நடைக்கும் ஆட்டத்திற்கும் ஈடுகொடுக்கும் மெட்டுகளைப் பெயர் தெரியாத அடியவர்களே உண்டாக்கினர். தைப்பூசம், பங்குனி உத்திர நாட்களில் நையாண்டி மேளத்துடன் அவை ஒலித்தன. மற்றொரு பக்கம், 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதரின் திருப்புகழ் சந்தங்கள் முருக பக்தியோடு ஊர்களில் பரவியிருந்தன. நாட்டார் மெட்டும் புலவர் சந்தமும் கலந்த இடமே காவடிச் சிந்து.

இக்கலப்பைச் செய்தவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891). சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த இவர், திருவாவடுதுறை ஆதீனத்தில் தங்கிப் பயின்றபோது உ. வே. சாமிநாதையரிடமும் பாடம் கேட்டவர். பின்னர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவைப் புலவரானார். ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநடையில் பாடுவதற்காகவே இச்சிந்து இயற்றப்பட்டது என்பர். முப்பது வயதை எட்டும் முன்பே புலவர் மறைந்தார்.

இப்பாடல்களில் கழுகுமலையின் கோயில், வாவி, வீதி, சோலை ஆகியவற்றின் வருணனை ஒரு பாதி. முருகன்மேல் காதல் கொண்ட தலைவி, தோழியின் கூற்றுகள் மறுபாதி. எதுகை, மோனை, இயைபு நெருக்கமாக அடுக்கி வருவதால் வாய்விட்டுப் பாடினால்தான் இவற்றின் சுவை தெரியும். ரெட்டியாரைக் 'காவடிச் சிந்தின் தந்தை' என்பது வழக்கு. இலக்கிய வடிவத்தைப் பொறுத்தவரை அது பொருந்தும். மெட்டுக்குத் தந்தையர் பலர், அவர்கள் பெயர்தான் எழுதப்படவில்லை.

பாடல்கள் புகழும் அதே கழுகுமலை வீதிகள் பூசலுக்கும் இடமாயின. தேரோடும் வீதிகளில் ஊர்வலம் செல்லும் உரிமை தொடர்பாக நாடார் சமூகத்தினருக்கும், கோயிலை நிருவகித்த எட்டயபுரம் ஜமீன் தரப்பினருக்கும் இடையே இருந்துவந்த பிணக்கு, 1895 தேரோட்டத்தின்போது கலவரமாக வெடித்து உயிர்கள் பலியாயின. பக்தி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. வீதி அவ்வாறு இருக்கவில்லை. புலவர் மறைந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

பக்தி இயக்கம் நாட்டார் இசையோடு கலந்தது தமிழகத்தில் மட்டுமன்று. வங்காளத்தில் சைதன்யர் (1486–1534) பரப்பிய சங்கீர்த்தனம் தெருக்கள்தோறும் மத்தளத்துடன் பாடப்பட்டது. பாவுல் பாடகர்களிடமும் வைணவத்தின் சாயல் உண்டு. ஆனால் அங்கே துறவி ஒருவரிடமிருந்து பாட்டு மக்களிடம் சென்றது. கரிசலில் மக்களிடமிருந்து புலவரிடம் வந்து, மீண்டும் மக்களிடமே சென்றது.

எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் சிந்து வடிவங்களை நாட்டுப் பாடல்களுக்குக் கையாண்டார். பாரத மக்களின் நிலையை நொண்டிச் சிந்தில் பாடியது அதில் ஒன்று. கர்நாடக இசைக் கச்சேரிகளின் இறுதிப் பகுதியிலும் பரதநாட்டிய மேடையிலும் ரெட்டியாரின் சிந்து இன்று இடம்பெறுகிறது. மலேசியாவின் பத்துமலை, சிங்கப்பூர், மொரீஷியஸ் ஆகிய இடங்களுக்குப் புலம்பெயர்ந்த தமிழர்களுடன் காவடியும் அதன் பாட்டும் சென்றன.