பவழமா, கண்ணாடியா?

போடிநாயக்கனூர்ப் பக்கம் பாட்டி விட்டுச்சென்ற சிவப்பு மணி மாலை எதுவானாலும் அதற்குப் பெயர் பவழ மாலைதான். என் மனைவிக்கு அவள் பாட்டி வழியில் வந்ததும் அப்படித்தான். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் பறித்துக் கூலி வாங்கிய அந்த அம்மாளுக்கு இருந்த ஒரே நகை அது. மூத்தவள் என்று என் மனைவிக்குக் கொடுத்துவிட்டார்கள். "பவழத்தை அக்காளுக்குக் கொடுத்து என்னை வெறுங்கழுத்தாய் அனுப்பினார்கள்" என்று கொழுந்தியாளுக்கு முப்பது வருஷமாக மனத்தாங்கல்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் முத்துக்கும் மணிக்கும் 'பெர்ல்' என்ற ஒரே சொல். தமிழிலோ முத்து, மணி, பாசி, பவழம் எல்லாம் தனித்தனி. அதனால் சரியான பெயரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நகைக்கான சிவப்புப் பவழம் நம் கடலில் விளைவதில்லை. மன்னார் வளைகுடாவில் இருக்கும் பவழப்பாறை வேறு. இது மத்தியதரைக்கடல் சரக்கு. ரோமானியர் முத்தை மதிப்பதுபோல் இந்தியர் பவழத்தை மதிக்கிறார்கள் என்று முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதிவைத்தார். முசிறித் துறைமுகத்தில் பவழம் இறங்கியதைப் பெரிப்ளூஸ் நூல் சொல்கிறது.

கண்ணாடி மணி நம் ஊர்ச் சரக்கு. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-ல் வீலரும், 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுக்காரர் கசாலும் தோண்டினார்கள். அங்கே மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. உருகிய கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடுகாட்டி முனை மழுக்குவார்கள். செங்கல் சிவப்பு வருவது செம்பினால். இவ்வகை மணிகள் தென்கிழக்கு ஆசியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் கிடைக்கின்றன. பீட்டர் பிரான்சிஸ் என்ற ஆய்வாளர் இவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தார். திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் இந்தத் தொழில் நம் காலம்வரை நடந்தது.

வீட்டிலேயே பார்க்கச் சில வழிகள் உண்டு. கண்ணாடியும் பவழமும் உதட்டில் வைத்தால் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் இருக்காது. பூதக்கண்ணாடியில் பவழத்தில் மெல்லிய இணைகோடுகள் தெரியும். இழுத்த கண்ணாடியில் துளையின் போக்கிலேயே நீண்ட காற்றுக்குமிழ்கள் தெரியும். துளை ஓரத்தில் ஊசிமுனையால் ஒரு சொட்டு வினிகர் வைத்தால் பவழம் நுரைக்கும், கண்ணாடி நுரைக்காது. சாயமேற்றிய சங்கும் நுரைக்கும்; ஆகவே பூதக்கண்ணாடியையும் சேர்த்தே நம்ப வேண்டும். வினிகர் பட்ட இடம் மங்கிவிடும். ஒரு மணியில் மட்டும் பார்த்து உடனே கழுவிவிடுங்கள்.

எங்கள் மாலையில் 62 மணிகள். கோடுகள் தெரிந்தவை 9, குமிழ் தெரிந்தவை 53. பவழம் உடையவோ தொலையவோ ஆக, ஒவ்வொன்றுக்கும் பதில் அதே நிறத்தில் பாசி வாங்கிக் கோத்திருக்கிறார் அந்த அம்மாள். மாலை ஒருநாளும் குறையாமல் கழுத்தில் இருந்திருக்கிறது.

கணக்கைச் சொன்னதும் கொழுந்தியாள் வெகுநேரம் பேசவில்லை. "9 பவழமும் உனக்கு, நான் பாசியை வைத்துக்கொள்கிறேன்" என்றாள் என் மனைவி. "பாட்டி உழைச்சு வாங்கினது பாசிதானே அக்கா, அதிலயும் பாதி கொடு" என்று கேட்டு வாங்கிப் போனாள் தங்கை.

கடைக்காரர்கள் மணியைத் தள்ளிவிட்டுத் தங்கத்தை மட்டும்தான் நிறுப்பார்கள். உங்கள் வீட்டு மாலையை விற்குமுன் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.