தொண்டை நாட்டுத் தொண்டை

சித்தூர்ச் சந்தையில் கோவைக்காய்க்குத் தொண்டகாய என்று பெயர். பெங்களூர்ப் பக்கம் போனால் தொண்டெகாயி. சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு முதலில் சிரிப்பு வரும். நமக்குத் தொண்டை என்றால் கரகரப்பது, கட்டிக்கொள்வது. வாணலியில் வதக்குவது அல்ல. ஆனால் பழஞ்சொல்லைக் கைவிட்டவர்கள் நாம்தான். கோவைக்கொடிக்குத் தொண்டை என்பது தமிழிலேயே வழங்கிய பெயர். பெண்ணின் சிவந்த வாய்க்குப் பழம்புலவர்கள் உவமை தேடியபோது இந்தக் கொடியின் பழுத்த பழத்தையும் எடுத்தார்கள். கொடி நம் வேலியில் இன்றும் படர்கிறது. பெயர் மட்டும் எல்லைக்கு அப்பால் தங்கிவிட்டது.

தொண்டை என்று பெயர்கொண்ட செடி இன்னொன்றும் உண்டு. முள்ளும் வெள்ளைப் பூவுமாக வேலியில் ஏறும் ஆதொண்டை. தென்மாவட்டங்களில் ஆதண்டங்காய் வற்றல் என்று வறுத்துச் சாப்பிடுவது இதன் காயைத்தான். தெலுங்கிலும் அதற்கு ஆதொண்ட என்றே பெயர். கோவை வாய்க்கு உவமையானது; ஆதொண்டைக்குக் கிடைத்த இடம் அரசனின் தலை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் பெரும்பாணாற்றுப்படையின் தலைவன். கடலில் விடப்பட்ட குழந்தை தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக்கொண்டு திரையால் கரைக்கு வந்தது, அதனால் அவன் தொண்டைமான், திரையன் என்று நச்சினார்க்கினியர் உரையில் ஒரு கதை வருகிறது. இரண்டு பட்டப்பெயர்களுக்கும் ஒரே தொட்டிலில் விடை சொல்ல வேண்டுமென்று யாரோ பின்னால் கட்டிய கதையாகவே எனக்குப் படுகிறது. அரச மரபு கொடியைக் குலச்சின்னமாகக் கொண்டிருந்தது என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த மரபின் நாடு தொண்டைமண்டலம். அதன் வடபகுதிதான் இன்றைய சித்தூரும் திருப்பதியும். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைக்கோடு எத்தனை முறை நகர்ந்தாலும் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருமலைக் கோயிலைக் கட்டியவராகத் தலபுராணம் சொல்வது தொண்டைமான் சக்கரவர்த்தியை. காளத்திக்குப் பக்கத்தில் தொண்டமநாடு என்று ஓர் ஊர் இருக்கிறது. முதலாம் ஆதித்த சோழனைக் கல்வெட்டு ‘தொண்டைமானாற்றூர் துஞ்சிய’வன் என்கிறதே, அந்த ஆற்றூர் இதுதான். அவன் நினைவாக மகன் பராந்தகன் எழுப்பிய கோயில் அருகில் பொக்கசம்பாலத்தில் நிற்கிறது.

அப்படியானால் கழுத்துக்குள் இருக்கும் தொண்டை எங்கிருந்து வந்தது? கொடி கழுத்தைச் சுற்றுமே, மாலையாகத் தொங்குமே என்று முடிச்சுப் போடுவது எளிது. அகராதி இரண்டையும் தனித்தனிச் சொல்லாக வைப்பதே முறை. யானையின் துதிக்கைக்குத் தமிழில் தொண்டலம் என்றொரு பெயர் உண்டு, தெலுங்கில் தொண்டம். உள்ளே துளையுள்ள நீண்ட குழல். குரலும் சோறும் இறங்கி ஏறும் தொண்டையை இந்தக் குழலோடு சேர்ப்பதுதான் எனக்கு ஏற்புடையதாகத் தெரிகிறது. வியப்பு என்னவென்றால், துதிக்கையையும் காயையும் தன்னிடம் வைத்துக்கொண்ட தெலுங்கு தொண்டைக்கு மட்டும் கொந்து என்றும் குத்துக என்றும் வேறு சொல் சொல்கிறது. கழுத்துக்கு மெட. அதைக் கேட்கும்போதெல்லாம் நம் மிடறு நினைவுக்கு வரும்.

மிடறுதான் தமிழில் தொண்டைக்கு மூத்த சொல். எழுத்துகள் பிறக்கும் இடங்களைச் சொல்லும் தொல்காப்பியம் தலை, மிடறு, நெஞ்சு என்று எண்ணுகிறது. பவணந்தியார் நன்னூலில் மிடறு என்றும் சொல்கிறார், கண்டம் என்றும் சொல்கிறார். தொண்டை இரண்டு இலக்கணத்திலும் அந்த வேலைக்கு வரவில்லை. இன்று நிலைமை தலைகீழ். மிடறு உடம்பை விட்டுவிட்டு அளவுப் பெயராகிவிட்டது: ஒரு மிடறு தண்ணீர், இரண்டு மிடறு காபி. விழுங்கும் இடத்தின் பெயர் விழுங்கும் அளவுக்குப் போய்விட்டது. காலியான இடத்தில் தொண்டை வந்து உட்கார்ந்தது.

பேச்சுத்தமிழ் கழுத்தை நன்றாகவே பங்கு பிரித்திருக்கிறது. வெளியே தெரிவது கழுத்து, உள்ளே இருப்பது தொண்டை, பின்புறம் பிடரி, முன்னே துருத்தி நிற்பது குரல்வளை. தாலி ஏறுவது கழுத்தில். தொண்டையில் ஏறுவது முள். கழுத்தின் அடியில் தோளை நோக்கிப் போகும் எலும்புக்குக் காறையெலும்பு என்று பெயர். காறை ஒரு கழுத்தணி. அணியின் பெயரை எலும்புக்கு வைத்தவர் யாரோ, நகைக்கடை வாசலில் நின்று உடற்கூறு படித்தவராக இருக்க வேண்டும்.

தொண்டையின் கூறு கொஞ்சம் விபரீதமானது. மூக்கிலிருந்து வரும் காற்றும் வாயிலிருந்து வரும் சோறும் ஒரே கூடத்தில் கூடி, பிறகு பிரிகின்றன. முன்னால் மூச்சுக்குழல், பின்னால் உணவுக்குழல். அதாவது காற்றுவழியின் வாயைக் கடந்துதான் ஒவ்வொரு கவளமும் உள்ளே போக வேண்டும். விழுங்கும் நொடியில் குரல்வளை மேலே எழும்ப, அதன் மூடி கவிழ்ந்து காற்றுவழியை அடைக்கிறது. அந்த நொடியில் பேசினாலோ சிரித்தாலோ கணக்குத் தப்பும். அதற்குத்தான் புரையேறுதல் என்று பெயர். புரை என்றால் உட்டுளை. ஏறக்கூடாத துளையில் ஏறிவிட்டது என்று சொல்லே நோயை விளக்கிவிடுகிறது. தெலுங்கில் இதைப் பொலமாரிந்தி என்பார்கள். உச்சந்தலையில் தட்டிக்கொண்டே ‘யாரோ நினைக்கிறார்கள்’ என்று சொல்வது மட்டும் இரண்டு மொழிக்கும் பொது.

நோய்ப்பெயர்களில் தொண்டை அடைப்பான் பயங்கரமானது. தொண்டையில் சாம்பல்நிறச் சவ்வு படர்ந்து குழந்தையின் மூச்சை அடைக்கும் டிப்தீரியாவுக்கு அந்தப் பெயர். மழைக்காலத்தில் எருமையையும் மாட்டையும் ஓரிரு நாளில் சாய்க்கும் நோய்க்கும் அதே பெயர்தான். கிருமிகள் வேறு வேறு. மாட்டு நோயைத் தெலுங்கு விவசாயி கொந்துவாப்பு என்பார், தொண்டை வீக்கம். அல்லது குரக வியாதி, மூச்சு இழுக்கும்போது வரும் குறட்டைச் சத்தத்தை வைத்து. தமிழ் அடைப்பைப் பார்த்தது, தெலுங்கு வீக்கத்தைப் பார்த்தது, காதாலும் கேட்டது. டிப்தீரியா முற்றிய குழந்தையின் கழுத்து வீங்குவதைக் காளையின் கழுத்து என்றே மேலை மருத்துவமும் குறிக்கிறது. இன்று இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. குழந்தைக்கு ஆறாம் வாரத்திலிருந்து போடும் ஐந்துநோய்த் தடுப்பூசியில் டிப்தீரியாவும் ஒன்று.

இனி, என்னை அதிகம் அலைக்கழித்த சொல்: கண்டமாலை. கழுத்தின் பக்கங்களில் நெறிகட்டி, கட்டிகள் வரிசையாகத் திரண்டு, சில உடைந்து சீழ் வடியும் நோய். கண்டம் என்றால் கழுத்து, மாலை என்றால் மாலை. கழுத்தில் விழுந்த மாலை என்று தமிழ் வாசகர் பொருள் கொள்வார். பொருத்தமாகத்தான் இருக்கிறது. அதுவே ஏமாற்றுகிறது. தமிழ் எழுத்தில் ஒரே கண்டமாக நிற்பவை தெலுங்கில் மூன்று. தொண்டையைக் குறிப்பது வல்லின ககரத்தில் தொடங்கும். ஆபத்தையும் வீக்கத்தையும் குறிப்பது மெலிந்த ககரத்தில். துண்டு, நிலப்பரப்பு என்பது மூச்சொலி சேர்ந்த ககரத்தில். கண்டமாலையைத் தெலுங்கர் எழுதுவது நடுவில் உள்ள ககரத்தில். ஆக அது கழுத்துமாலை அல்ல, வீக்கங்களின் மாலை. சான்று வேண்டுமானால் கலகண்டம் இருக்கிறது: முன்கழுத்து வீக்கத்துக்கு வடமொழி வைத்தியநூல்கள் தந்த பெயர். அதில் ‘கல’ என்பதே கழுத்து. மறுபடியும் கண்டத்துக்குக் கழுத்தென்று பொருள் சொன்னால் கழுத்துக்கழுத்து என்றாகும். இரண்டு எழுத்தும் படிக்கிற சித்தூர்ப் பள்ளிப்பிள்ளைக்கு இது ஒரு நொடி வேலை.

உண்மையான தொண்டைக் கண்டம் வேண்டுமென்றால் நாகலாபுரம் பக்கம் சுருட்டப்பள்ளிக்குப் போக வேண்டும். ஆலகாலம் உண்ட சிவன் களைத்துப்போய் அம்மையின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் பள்ளிகொண்டீசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. விடம் வயிற்றுக்கு இறங்காமல் நின்ற இடம் கண்டம், அதனால் நீலகண்டன். அதையே கறைமிடற்றன் என்று தமிழில் சொன்னபோது மிடறு இன்னும் மிடறாக இருந்தது.

கண்டமாலை பெரும்பாலும் காசநோய்தான், நுரையீரலை விட்டு நிணநீர்க் கணுக்களில் குடியேறிய காசம். இங்கிலாந்தில் அரசர் கை பட்டால் இது தீரும் என்று நம்பினார்கள். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனைச் சிறு குழந்தையாக 1712-இல் ஆன் அரசியிடம் தூக்கிப்போனார்கள். அரசி தொட்டார், வடு கடைசிவரை இருந்தது. கிருமியை ராபர்ட் கோக் 1882-இல் கண்டார். பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியை ஒட்டிய ஆரோக்கியவரத்தில் கிறித்தவ மிஷன்கள் சேர்ந்து நடத்திய காச மருத்துவமனை, டென்மார்க்கு மருத்துவர் ஃபிரிமோட் மோல்லரின் பெயரோடு இந்தியா முழுவதும் அறியப்பட்டது. நாட்டில் பி.சி.ஜி. தடுப்பூசி 1948-இல் தொடங்கியதும் மதனப்பள்ளியில்தான். இப்போது கழுத்துக் கட்டியிலிருந்து ஊசியால் சிறிது எடுத்துப் பார்த்து, காசம் என்று உறுதியானால் ஆறு மாதம் மாத்திரை தருகிறார்கள். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். வலியில்லாத கட்டி என்பதால் மாதக்கணக்கில் பற்றுப் போட்டுக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கலகண்டத்தின் கதை வேறு. குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒட்டியிருக்கும் சுரப்பிக்கு 1656-இல் தாமஸ் வார்ட்டன் கிரேக்கக் கேடயத்தின் பெயரை வைத்தார். தமிழ்ப் பாடநூல் அதைக் கேடயச் சுரப்பி என்று பெயர்த்தது. அயோடின் குறைந்தால் சுரப்பி வீங்கும்; அந்த வீக்கம்தான் கழலை. அதற்காக 1962-இல் நடுவண் அரசு தனித் திட்டமே தொடங்கி உப்பில் அயோடின் சேர்த்தது. கேடயமும் கழலையும் தேர்வுத்தாளோடு நின்றுவிட்டன. திருப்பதி மருத்துவமனை வரிசையில் நிற்பவர், தமிழரானாலும் தெலுங்கரானாலும், சொல்வது ஒன்றுதான்: ‘எனக்குத் தைராய்டு இருக்கு.’ எல்லாருக்கும் இருக்கிறதே என்று மருத்துவர்கள் திருத்திப் பார்த்தார்கள். இப்போது அவர்களும் ‘எத்தனை வருஷமா?’ என்றுதான் கேட்கிறார்கள்.