சிங்கப்பூரில் நேதாஜியின் போர்க்கால உரைகள் (1943)

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஆற்றிய உரைகள் மலாயாத் தமிழர் பலரின் வாழ்க்கையையே திசைதிருப்பியவை. 1942 பிப்ரவரி 15இல் ஜப்பானியரிடம் சிங்கப்பூர் வீழ்ந்தபின் மோகன் சிங் தலைமையில் உருவான இந்திய தேசிய இராணுவம், ஜப்பானியரோடு ஏற்பட்ட பிணக்கால் அவ்வாண்டு இறுதியிலேயே நிலைகுலைந்திருந்தது. ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு வந்த போஸ், ஜூலை 4 அன்று கத்தே கட்டடத்தில் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார்.

மறுநாள் பாடாங் திடலில் அந்த இராணுவத்தின் படையினரிடம் பேசினார். ‘டில்லி சலோ’ என்ற முழக்கம் அங்கே எழுந்தது. பசி, தாகம், ஓயாத நடை, சாவு: இப்போதைக்குத் தன்னால் தர முடிந்தவை இவையே என்றார். சம்பளத்துக்காக வெள்ளையரிடம் சேவகம் செய்து, பின் சரணடைந்த அவமானத்தோடு நின்ற சிப்பாய்களிடம் இப்படிப் பேசத் தனித் துணிச்சல் வேண்டும். ஆசை காட்டாததே அந்தப் பேச்சின் பலம்.

ஜூலை 9 அன்று அதே திடலில் பொதுமக்களிடம் ஆளும் பொருளும் கேட்டார். பெண்கள் படை ஒன்றும் வேண்டுமென்றார். தமிழ் மக்களை அவர் பேச்சு மொழிபெயர்ப்பின் வழியாகவே எட்டியது; ஆனாலும் அதன் வேகம் குறையவில்லை. துரையின் உத்தரவும் கங்காணியின் அதட்டலுமே கேட்டுப் பழகிய ரப்பர்த் தோட்டத் தொழிலாளரிடம் ஒரு தலைவர் வந்து, நாட்டுக்கு நீங்கள் வேண்டும் என்றார். தோட்டங்களிலிருந்து இளைஞர்கள் திரண்டு வந்தார்கள். கோலாலம்பூரில் அவர் பேசிய கூட்டத்தில் ஜானகி தேவர் என்ற இளம்பெண் தன் வைரத் தோடுகளைக் கழற்றிக் கொடுத்தார். தந்தையின் எதிர்ப்பை மீறி, சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையேற்ற ‘ஜான்சி ராணி’ என்ற அந்தப் பெண்கள் படையில் சேர்ந்தார்.

அதே 1943இல்தான் ஜப்பானியர் தமிழ்த் தொழிலாளரை சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துப் போனார்கள். அங்கே ஆயிரக்கணக்கானோர் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்டனர். ஜப்பானின் துணையை நம்பி நின்ற மேடையால் அவர்களைக் காக்க முடியவில்லை. அந்த ரயில் பாதைக்குத் தப்பவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. இதை விட்டுவிட்டு உரைகளின் ஈர்ப்பை மட்டும் பேசுவது மாண்ட தொழிலாளருக்குச் செய்யும் அநீதி.

இந்திய தேசிய இராணுவம் ஜப்பானியரோடு சேர்ந்து நடத்திய இம்பால் போர் 1944இல் தோல்வியில் முடிந்தது. பேச்சு தட்டி எழுப்பிய தன்மானம் அதோடு அடங்கவில்லை: 1946இல் மலாயா இந்தியன் காங்கிரஸ் பிறந்தபோது அதன் முதல் தலைவரான ஜான் திவியும், அதை உருவாக்கியோரில் ஒருவரான ஜானகியும் போஸின் இயக்கத்திலிருந்து வந்தவர்களே.